என் வீட்டில் நான்தான் வெளியூர்க்காரன்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் ஈரோடு மாவட்டம் சென்னிமலை. 2017 முதல் மனைவியோடும் மகளோடும் பிரான்சின் தென்கோடியில், மத்தியதரைக் கடலோரத்தில் உள்ள ஆன்டீப் நகரில் வசித்து வருகிறேன். நீஸ் நகருக்கும் கான் நகருக்கும் நடுவில் இருக்கும் ஊர் என்றால் உங்கள் வாசகர்களுக்குப் புரியும். கடற்கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, பைன் மரக் காடுகளுக்கு இடையே, சோஃபியா ஆன்டிபோலிஸ் என்று 1969-இல் தொடங்கப்பட்ட தொழில்நுட்பப் பூங்கா ஒன்று இருக்கிறது. அங்குள்ள ஒரு மென்பொருள் நிறுவனம் பெங்களூரிலிருந்து என்னை அழைத்துக்கொண்டது. அலுவலகத்தில் முழுக்க ஆங்கிலம்தான் என்பதால், மொழி எனக்கு ஒரு தடையாக இருந்ததில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் குறை என் மனைவியைப் பற்றியது. எங்களுக்குத் திருமணமாகி 19 ஆண்டுகள் ஆகின்றன. இங்கு வந்த புதிதில் அவள் தெருமுனையில் இருக்கும் ரொட்டிக்கடைக்குக்கூடத் தனியாகப் போகமாட்டாள்; நான் அலுவலகத்திலிருந்து வந்து, கையைக் காட்டி, விரலைக் காட்டி வாங்கிக் கொடுத்தால்தான் உண்டு. பிறகு மகளை மழலையர் பள்ளியில் சேர்த்தோம். பள்ளி வாசலில் பழக்கமான யாரோ சொன்னார்கள் என்று, நகராட்சிக் கட்டடத்தில் ஒரு சங்கம் நடத்திய பிரெஞ்சு வகுப்புக்குப் போகத் தொடங்கினாள். நான் தடுக்கவில்லை, கட்டணமும் கட்டினேன். இன்று இந்த வீட்டின் எல்லாக் காரியமும் அவள் வழியாகத்தான் நடக்கிறது. வருமான வரிக் கணக்கை அவள் தாக்கல் செய்கிறாள். குடியிருப்பு அனுமதி அட்டையைப் புதுப்பிக்க நீஸில் இருக்கும் பிரிஃபெக்சர் என்ற மாவட்ட அரசு அலுவலகத்துக்குப் போனால், விண்ணப்பம் என் பெயரில் இருந்தாலும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அவளைப் பார்த்துத்தான் பேசுகிறார். குழாய் வேலைக்காரர் வந்தால், நான் கதவைத் திறந்தாலும் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து ‘மதாம் இருக்கிறாரா’ என்கிறார்.

இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொள்வேன். ஆனால் எனக்கே பாடம் நடத்துவதைப் பொறுக்க முடியவில்லை. கடைக்குள் நுழைந்ததும் முதலில் ‘போன்ஜூர்’ என்று வணக்கம் சொல்லாமல் விலையைக் கேட்டுவிட்டேனாம். வெளியே வந்ததும் மகளின் எதிரில், “ஏனுங்க, அப்படிக் கேட்டா இங்க மரியாதைக் குறைவுங்க” என்கிறாள். நான் பால்கனியில் வேட்டி காயப்போட்டேன். தெருவைப் பார்த்த பால்கனியில் துணி தொங்கக் கூடாது என்று குடியிருப்போர் விதியில் இருக்கிறதாம். அவளே எடுத்து உள்ளே போட்டுவிட்டாள். என் வீட்டில், என் சம்பளத்தில் வாடகை கட்டும் வீட்டில், என் வேட்டிக்கு இடமில்லை.

இப்போது பழைய நகரத்தில் ஒரு துணிக்கடையில் பகுதி நேரமாக வேலை பார்க்கிறாள். பணம் தேவைப்பட்டு அல்ல. அக்கம்பக்கத்தில் அறுபது, எழுபது வயதுப் பெண்கள் சிலர் இருக்கிறார்கள், எல்லோரும் இவளுக்குத் தோழிகள். அவர்களோடு சேர்ந்து காலையில் துறைமுகத்தின் மதிலை ஒட்டியிருக்கும் கிராவெத் கடற்கரையில் நீந்தப் போகிறாள். நாற்பது வயதுக்கு மேல் நீச்சல் கற்றுக்கொண்டாள் என்றால் நம்புவீர்களா? இங்கே அக்டோபரிலும் கடல்நீர் வெதுவெதுப்பாக இருக்கும், ஆகவே தீபாவளி வரை இது நடக்கும். ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, அங்காடியில் வாங்கிய தக்காளியும் துளசிக் கட்டுமாக அவள் வரும்போது, யார் வீட்டுப் பெண்மணியோ வருவதுபோல் இருக்கிறது. சனிக்கிழமை மாலைகளில் அந்தப் பெண்கள் எங்கள் பால்கனிக்கு வருவார்கள். ஆலிவ் காய், நிலக்கடலை, கடலை மாவில் சுடும் சோக்கா, ஆளுக்கொரு கோப்பை. இவள் குடிப்பது பழச்சாறுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அந்தச் சிரிப்பை அவள் என்னோடு சிரித்து எவ்வளவோ காலமாகிறது. நான் உள்ளே தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இடையில் ஒருமுறை எட்டிப் பார்த்து, “வாங்களேன், வந்து உக்காருங்க” என்பாள். போய் என்ன பேசுவது?

மகளுக்கு 12 வயது. தாயும் மகளும் சாப்பாட்டு மேசையில் தமிழில் தொடங்கி, எந்த இடத்தில் என்று தெரியாமல் பிரெஞ்சுக்குத் தாவிவிடுகிறார்கள். போன முறை பள்ளியில் பெற்றோர் சந்திப்பு வந்தபோது, “அப்பா அலைய வேண்டாம், அம்மா மட்டும் வரட்டும்” என்றாள் பெண். அக்கறையாகத்தான் சொன்னாள். இருந்தாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எனக்காக அவளே முடிவெடுப்பதற்கு இன்னோர் உதாரணம் சொல்கிறேன். போன நவம்பரில் படியேறும்போது மார்பில் ஓர் இறுக்கம் வந்தது. சாப்பாடு சேரவில்லை என்று நான் சொன்னேன். இவள் கேட்காமல் குடும்ப மருத்துவரிடம் கடிதம் வாங்கி, இதய மருத்துவரிடம் நாள் குறித்து, என்னைக் குழந்தையைப்போல அழைத்துப் போனாள். இ.சி.ஜி. எடுத்தார்கள், சைக்கிள் மிதிக்க வைத்துப் பார்த்தார்கள், பெரிதாக ஒன்றுமில்லை என்று கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை எழுதினார்கள். அங்கேயும் இவள்தான் பேச்சு. குடும்பத்தில் யாருக்காவது இதயக் கோளாறு உண்டா, எத்தனை வயதில் என்று அவர் கேட்க, ‘மாமனாருக்கு, அறுபது வயது இருக்கும்’ என்று இவள் பாட்டுக்குச் சொல்கிறாள். அப்பா நெஞ்சுவலியில் போனபோது அவருக்கு 51 வயது, வரும் ஐப்பசியில் எனக்கும் 51 பிறக்கிறது. இதுகூடத் தெரியாத ஒருத்திதான் என் சார்பில் எல்லா இடத்திலும் பேசுகிறாள். பெண் பார்க்க வந்தபோது எங்கள் பெரியப்பா ‘தம்பி போய்ச் சேர்ந்துட்டான்’ என்று பொதுவாகச் சொன்னதோடு சரி, அதற்குப் பிறகு இவள் கேட்டதே இல்லை. அது கிடக்கட்டும், நான் சொல்ல வந்தது வேறு. இப்போது காலையில் காபி தம்ளருக்குப் பக்கத்தில் மாத்திரையை எடுத்து வைத்து, விழுங்கும் வரை நிற்கிறாள். நோயாளியை நடத்துவதுபோல் நடத்துகிறாள்.

ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று நான் ஓராண்டாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஈரோட்டில் நான் கட்டிய வீட்டில் குடியிருப்பவர்கள் புரட்டாசியில் காலி செய்கிறார்கள், ஐப்பசியில் நாம் குடிபோய்விடலாம் என்றேன். மகள் ப்ரவே என்ற பள்ளித் தேர்வை முடிக்கட்டும், 15 வயதில் அது முடிந்ததும் பேசலாம் என்கிறாள். மகளுக்குத் தமிழ் எழுத்து மறப்பதற்குள், இந்த ஐப்பசிக்குள் ஊர்ப் பள்ளியில் சேர்ப்பதுதான் நல்லது என்று எடுத்துச் சொன்னேன், காதில் ஏறவில்லை. அம்மாவுக்கு வயது 74. அக்காதான் பார்த்துக்கொள்கிறாள். பெரியப்பா பேரனுக்கும் ஐப்பசியில்தான் திருமணம். எல்லாம் கூடி வருகிறது, இவள் ஒருத்திதான் கூடி வர மறுக்கிறாள்.

இப்போது புதிதாக ஒன்று. பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறாளாம். 2026 ஜனவரி முதல் அதற்கு பி2 நிலை பிரெஞ்சு, அதாவது தடையில்லாமல் பேசி எழுதும் அளவுக்கான தேர்ச்சி, வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. அவளால் அது முடியும். என்னால் முடியாது. நம் நாட்டில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. ஒரே வீட்டில் மனைவி பிரெஞ்சுக்காரி, கணவன் இந்தியன்! உறவினர்களுக்கு என்ன பதில் சொல்வது? கடைக்குள் எப்படி நுழைய வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுக்கும் ஒருத்தி, நாளை நாட்டுக்குள் எப்படி நுழைய வேண்டும் என்றும் சொல்லிக் கொடுப்பாள்.

நான் குடிப்பதில்லை, புகைப்பதில்லை, கைநீட்டியதில்லை, சம்பளத்தை மறைத்ததில்லை. ரொட்டிக்கடைக்குத் தனியாகப் போகாத அந்தப் பெண்ணை இந்தக் கடல் என்ன செய்தது? அவளைப் பழையபடி ஆக்க என்ன வழி? ஐப்பசிக்குள் ஊர் திரும்ப அவளை எப்படிச் சம்மதிக்க வைப்பது? இந்த இரண்டுக்கும் பதில் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஆன்டீப்

*

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தில் ‘அது கிடக்கட்டும்’ என்று ஓர் இடம் வருகிறது. என்னால் அதைக் கிடக்க விட முடியவில்லை. போன்ஜூர், வேட்டி, நீச்சல், பழச்சாறு என்று நீங்கள் விரிவாக எழுதியவற்றையெல்லாம் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, நீங்கள் வேகமாகக் கடந்துபோன அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியே எழுதப் போகிறேன். இரண்டு கேள்விக்கு மட்டும் பதில் கேட்டவருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம்.

உங்கள் தந்தை 51 வயதில் இறந்தார். உங்களுக்கு வரும் ஐப்பசியில் 51 தொடங்குகிறது. இப்போது உங்கள் கடிதத்தை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் காலி செய்வதால் ஐப்பசியில் குடிபோக வேண்டும். மகளின் தமிழுக்காக ஐப்பசிக்குள் போக வேண்டும். திருமணம் ஐப்பசியில் வருவதால் போக வேண்டும். காரணம் ஒவ்வொரு முறையும் மாறுகிறது, மாதம் மட்டும் மாறவில்லை. ஈரோட்டுப் பள்ளிகள் திறப்பது ஜூனில், பிரான்சில் வகுப்பு தொடங்குவது செப்டம்பரில். ஒரு குழந்தையின் படிப்பை முன்னிட்டு ஊர் மாறுகிற யாரும் ஐப்பசியைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். வாடகைதாரர் காலி செய்தால் வேறொருவர் வருவார். திருமணத்துக்கோ, அக்டோபர் கடைசியில் பிரெஞ்சுப் பள்ளிகளுக்கு இரண்டு வார விடுமுறை உண்டு, மூவருமாகப் போய் ஆசீர்வதித்துவிட்டுத் திரும்பிவிடலாம். கெட்டிக்காரரான ஒரு பொறியாளருக்கு இது தெரியாமல் இருக்காது. ஆகவே அந்தக் கெடு பள்ளிக்கானதோ வீட்டுக்கானதோ அல்ல என்றே நான் கருதுகிறேன்.

பெற்றோரில் ஒருவரை இளம் வயதில் இழந்தவர்கள், அவர் இறந்த அதே வயதை நெருங்கும்போது காரணம் தெரியாத ஒரு பதற்றத்துக்கு ஆளாவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். வேலையைத் திடீரென்று உதறுவார்கள், சொத்தைப் பிரித்து எழுதுவார்கள், கூடப் பிறந்தவர்களோடு பழைய கணக்கைத் தீர்க்கக் கிளம்புவார்கள், ஊருக்குத் திரும்பியே ஆக வேண்டும் என்று நிற்பார்கள். அவர்களிடம் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் நியாயமான விளக்கம் ஒன்று வைத்திருப்பார்கள், அந்த விளக்கத்தை அவர்களே நம்பவும் செய்வார்கள். தன் தந்தைக்குக் கிடைக்காத வயதில் தான் எப்படி வாழ்வது என்பதற்கு அவர்களிடம் முன்மாதிரி இல்லை. ஐம்பது வரை அப்பா எப்படி நடந்தார், எப்படிக் கோபித்தார், எப்படிக் கடன் அடைத்தார் என்பது தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அந்த இருட்டுக்குள் நுழையும்போது தாயும் தமக்கையும் பக்கத்தில் இருக்க வேண்டும், எதையும் யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லாத இடத்தில் இருக்க வேண்டும் என்று மனம் ஏங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. படியில் மார்பு இறுகிய அந்தக் கணத்தில் உங்களுக்கு யார் நினைவு வந்திருக்கும் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. சாப்பாடு சேரவில்லை என்று சொன்னீர்கள். தெரிந்தேதான் சொன்னீர்கள் என்று நினைக்கிறேன்.

அடுத்து நான் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காது. இதய மருத்துவரின் அறையில் அவர் என்ன கேட்டார் என்பது உங்களுக்குப் புரிந்திருக்கிறது. உங்கள் மனைவி ‘அறுபது’ என்று சொன்னதும் புரிந்திருக்கிறது. அது தவறு என்பதும் தெரிந்திருக்கிறது. திருத்துவதற்கு பி2 தேவையில்லை. தமிழில் மனைவியிடம் ‘இல்லை, ஐம்பத்தொன்று’ என்று இரண்டு சொல் சொல்லியிருக்கலாம், மருத்துவரிடமே ஆங்கிலத்தில் சொல்லியிருக்கலாம், விரலை மடக்கிக்கூடக் காட்டியிருக்கலாம், ரொட்டிக்கடையில் செய்ததுபோல. நீங்கள் பேசவில்லை. என் வாயை அவள் எடுத்துக்கொண்டாள் என்பது உங்கள் கடிதத்தின் சாரம். ஆனால் எந்த இடத்தில் நீங்கள் பேசியே ஆக வேண்டியிருந்ததோ, அந்த இடத்தில் அவர் உங்கள் வாயை மூடவில்லை. நீங்கள் மூடிக்கொண்டீர்கள், ஏனென்றால் அந்த எண்ணை உரக்கச் சொன்னால் அது உண்மையாகிவிடும். அறுபது என்றே இருந்துவிட்டுப் போகட்டும், இன்னும் பத்து வருடம் இருக்கிறதே என்று மனத்தின் ஒரு மூலை ஆறுதல் அடைந்திருக்கவும் கூடும்.

இந்த மௌனம் மருத்துவ ரீதியாகவும் சிறிய விஷயமல்ல. தந்தைக்கோ உடன்பிறந்த ஆணுக்கோ 55 வயதுக்கு முன்பு இதய நோய் வந்திருந்தால், மருத்துவர்கள் அதைத் தனியாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். அறுபது என்றால் அந்த வரம்புக்கு வெளியே, 51 என்றால் உள்ளே. அதோடு, நம் தெற்காசிய மக்களுக்கு மாரடைப்பு மற்றவர்களைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது என்பதும் நீண்ட காலமாக அறியப்பட்டதுதான். உங்களைப் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. சோதனைகளில் பெரிதாக ஒன்றுமில்லை என்று வந்திருப்பது நல்ல செய்தி. உங்கள் தந்தைக்கு அப்படி ஒரு சோதனையோ, அந்த மாத்திரையோ, அதை விழுங்கும் வரை பக்கத்தில் நிற்கும் ஒருவரோ வாய்த்திருந்ததாக நீங்கள் எழுதவில்லை. ஆனால் அந்த மருத்துவர் தவறான ஒரு தகவலை வைத்துக்கொண்டு உங்களுக்கு மருந்து எழுதியிருக்கிறார். அதைத் திருத்தும் பொறுப்பு உங்களுடையது.

‘இதுகூடத் தெரியாத ஒருத்தி’ என்று எழுதுகிறீர்கள். எப்படித் தெரியும்? பெண் பார்க்க வந்தபோது உங்கள் பெரியப்பா மழுப்பினார். அந்தக் காலத்தில் குடும்பத்தில் இளவயது மரணம் என்றால் சம்பந்தம் பேசுகிறவர்கள் தயங்குவார்கள் என்று அவர் நினைத்திருக்கலாம், அதை விடுங்கள். அதற்குப் பிறகு 19 ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்திருக்கிறீர்கள். ஒவ்வோர் ஆண்டும் உங்கள் தந்தைக்குத் திதி வந்திருக்கும். அவர் எப்படிப் போனார், அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள், அதற்குப் பிறகு வீடு எப்படி நடந்தது என்று ஒரு நாளாவது மனைவியை உட்கார வைத்துச் சொன்னீர்களா? அவர் கேட்கவில்லை என்பதைக் குற்றமாக வைக்கிறீர்கள். சொல்லாமல் இருந்தவர் தரப்பிலிருந்து நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை.

உங்கள் மனைவியைப் பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: அவரிடம் நீங்கள் பட்டியலிட்ட குற்றங்களில் ஒன்றைக்கூட என்னால் குற்றமாக ஏற்க முடியவில்லை. நீங்கள் வந்து இறங்கிய இடம் ஆங்கிலம் பேசும் அலுவலகம், பதவி உண்டு, பெயர் உண்டு, பெங்களூரில் செய்த அதே வேலை. அவர் வந்து இறங்கிய இடம் வேறு. ரொட்டிக்கடை, பள்ளி வாசல், மருந்துக்கடை, தபால்காரர், மாடி வீட்டுக் கிழவி எல்லாமே பிரெஞ்சு. உண்மையில் பிரான்சுக்குக் குடிபெயர்ந்தவர் அவர்தான். நீங்கள் ஒவ்வொரு நாளும் காலையில் அதிலிருந்து வெளியேறிப் பைன் காட்டுக்குள் இருக்கும் இன்னொரு நாட்டுக்கு வேலைக்குப் போய் வந்தீர்கள். மொழி தடையாக இருந்ததில்லை என்று தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். இருந்ததில்லை, ஏனென்றால் அந்தத் தடையை உங்களுக்காக இன்னொருவர் தாண்டிக்கொண்டிருந்தார். வண்டியை ஓட்டும் வேலையை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் பின்னிருக்கையில் சாய்ந்துகொண்ட பிறகு, என்னைக் கேட்காமல் திருப்புகிறாள் என்று குறைபட்டால் எப்படி?

பழையபடி ஆக்க வழி கேட்கிறீர்கள். ரொட்டிக்கடைக்குத் தனியாகப் போகப் பயந்த ஒரு பெண் திரும்ப வேண்டுமா? அந்தப் பெண் இன்று இருந்திருந்தால், போன நவம்பரில் உங்களை இதய மருத்துவரிடம் அழைத்துப் போயிருக்கவே முடியாது. வேட்டி விஷயத்தில், அவர் சொன்னது அந்தக் குடியிருப்பின் விதி. உள்ளறையில் ஒரு கொடியைக் கட்டிக்கொள்ளுங்கள். போன்ஜூர் விஷயத்தில், மகளின் எதிரில் திருத்தாமல் தனியாகச் சொல்லியிருக்கலாம் என்பது மட்டும் உண்மை. அதை அவரிடம் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு, சொல்லுங்கள். சாப்பாட்டு மேசையில் தமிழ்தான் என்று கேட்பதும் நியாயமானதே. ஆனால் அதைத் தண்டனைபோல் விதிக்காமல், அந்த மேசையில் தமிழில் சொல்வதற்கு உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும். உங்கள் தந்தையைப் பற்றி உங்கள் மகளுக்கு என்ன தெரியும்? ‘அப்பா அலைய வேண்டாம்’ என்று சொன்ன பெண், தன் தாத்தா எந்த வயதில் போனார் என்று தெரிந்தால் உங்கள் மௌனத்தை வேறு மாதிரிப் புரிந்துகொள்வாள். பன்னிரண்டு வயது அதற்குப் போதும்.

அந்தச் சிரிப்பை என்னோடு சிரித்து எவ்வளவோ காலமாகிறது என்று எழுதினீர்களே, கடிதம் முழுவதிலும் உங்கள் மனைவிமேல் உங்களுக்கு இருக்கும் அன்பு வெளியே தெரிந்த இடம் அது ஒன்றுதான். அதைக் குற்றச்சாட்டாக மாற்றாமல் அப்படியே அவரிடம் சொன்னால் என்ன? பால்கனியிலிருந்து அவர் எட்டிப் பார்த்து அழைக்கிறார். அந்தப் பெண்களில் பலர் உங்கள் தந்தையைவிட எவ்வளவோ அதிக வயதைக் கடந்து, அக்டோபர் கடலில் நீந்துகிறவர்கள். அவர்களுக்கு நடுவே பேச்சில்லாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பதால் உங்கள் மதிப்புக் குறையாது.

குடியுரிமை உங்கள் கடிதத்தில் பெரிதாகத் தெரிகிறது, எனக்கு அப்படித் தெரியவில்லை. இந்தியக் குடியுரிமையை விட்டவர்களுக்கு ஓ.சி.ஐ. எனப்படும் வெளிநாடுவாழ் இந்தியர் அட்டை இருக்கிறது, ஊருக்கு வந்து போகவும் தங்கவும் அது போதும். கணவனும் மனைவியும் வெவ்வேறு கடவுச்சீட்டு வைத்திருக்கும் குடும்பங்கள் பிரான்சில் வாழும் நம்மவர்களிடையே ஏராளம். உறவினர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பதை உறவினர்கள் கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம். அவர் அவசரப்படாமல் உங்களோடு பேசி முடிவெடுக்க வேண்டும் என்பது சரி, ஆனால் உங்களுடைய உண்மையான காரணத்தை மறைத்துக்கொண்டு அவரிடம் நேர்மையான பேச்சை எதிர்பார்க்க முடியாது.

செய்ய வேண்டியவை அதிகமில்லை. இந்த வாரத்திலேயே மனைவியிடம் உங்கள் தந்தையின் வயதைச் சொல்லுங்கள், ஐப்பசி ஏன் என்பதையும் சேர்த்து. பிறகு அதே இதய மருத்துவரிடம் மறுபடியும் நாள் குறியுங்கள், இம்முறை நீங்களே குறியுங்கள். நாள் குறிக்க நீங்கள் எல்லோரும் பயன்படுத்தும் டாக்டோலிப் செயலியில் ஒவ்வொரு மருத்துவரும் எந்தெந்த மொழி பேசுவார் என்று போட்டிருக்கும். இவர் ஆங்கிலம் பேசாவிட்டால் பேசுகிற ஒருவரைத் தேடிக்கொள்ளலாம். உங்கள் மருத்துவக் கோப்பைக் கேட்டு வாங்கும் உரிமை 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்களுக்கு இருக்கிறது. அன்று கேட்க நினைத்துக் கேட்காமல் வந்த கேள்வியைத் தாளில் எழுதி எடுத்துப் போங்கள். மனைவி உடன் வருவதும் வராததும் உங்கள் விருப்பம். வந்தாலும் முதலில் பேசுகிறவர் நீங்களாக இருங்கள். மார்பில் இறுக்கம் மறுபடி வந்தால், சாப்பாட்டின்மேல் பழியைப் போட்டுக்கொண்டு அவர் வீடு திரும்பும் வரை காத்திருக்காதீர்கள். 15-ஐ அழைத்தால் அவசர மருத்துவக் குழுவும் 112-ஐ அழைத்தால் ஐரோப்பாவின் பொது அவசர உதவியும் கிடைக்கும். நெஞ்சு வலிக்கிறது என்பதையும் வீட்டு முகவரியையும் பிரெஞ்சில் சொல்ல மகளிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்புவது தவறான ஆசை என்று நான் சொல்லவில்லை. எழுபத்து நான்கு வயதுத் தாய் இருக்கிறார், சொந்தமாகக் கட்டிய வீடு இருக்கிறது, அது எந்த நாளிலும் நல்ல காரணம்தான். ஆனால் இந்த ஆண்டு அந்த முடிவை எடுக்காதீர்கள். ஐப்பசியில் திருமணத்துக்குப் போய் வாருங்கள். மருத்துவர் சரியான தகவலை வைத்துக்கொண்டு என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். அதன் பிறகு, தை மாத வாக்கில், மனைவியையும் மகளையும் வைத்துக்கொண்டு இந்தப் பேச்சை எடுங்கள். அவர்கள் இருவரும் வேண்டாம் என்று சொல்வதற்கும் இடம் வைத்து எடுங்கள்.